தாத்தா ஓட்டிப்போன ஒரு ஜோடி மாடு

எங்கள் தாத்தா மாட்டுத் திருடரா இல்லையா என்பது எங்கள் குடும்பத்தில் முப்பத்தைந்து வருடமாக நடக்கும் வழக்கு. வாதி, அக்காவின் நாத்தனார். பிரதிவாதி, அக்கா. சாட்சி ஒரே ஒருவர். அக்காவின் கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே, தாத்தாவோடு கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்த்த ஒரு பெரியவர், “திண்டிவனம் பக்கம் மாட்டைத் திருடி வித்துப்போட்டு ஓடி வந்தவரோட பேத்தியா நீ?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மோர் குடித்தார், வெற்றிலை வாங்கினார், போய்விட்டார். அவர் கேட்டது மட்டும் போகவில்லை. அன்றிலிருந்து அக்காவின் புகுந்த வீட்டில் ஒரு டம்ளர் காணாமல் போனாலும் நாத்தனார் அக்காவைப் பார்க்கமாட்டார். பார்க்காமல் இருப்பதை எல்லாரும் பார்க்கும்படி இருப்பார்.

தாத்தா எதையும் சொல்லாமல் செத்தார். அப்பா எதையும் கேட்காமல் செத்தார். மிச்சமிருந்தது தாத்தாவின் மில் சர்வீஸ் புத்தகம் ஒன்றுதான். அதில் சொந்த ஊர், தகப்பனார் சின்னசாமி, வடக்குத் தெரு என்று மூன்று தகவல்கள் இருந்தன.

போன மாசி மாதம் அக்கா கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, விழுப்புரத்தில் இருக்கும் வம்சாவளி ஆய்வாளர் ஒருவருக்கு முன்பணம் அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு என்னிடம் யோசனை கேட்டாள். எங்கள் வீட்டில் யோசனை கேட்கும் வரிசை அப்படி.

“காசு குடுத்துத் தேடற விஷயமாக்கா இது?” என்றேன்.

“ஓசியில நீ தேடுனியா? அம்பத்திரண்டு வயசாச்சு, தமாசு எழுதறேன்னு உக்காந்திருக்க. போயி அந்த ஆளு நெசமாலுமே வேலை செய்யறாரான்னு பாத்துப்போட்டு வா.”

போனேன்.

*

விழுப்புரத்தில் வெயில் காலை ஒன்பது மணிக்கே உச்சிக்கு வந்துவிடுகிறது. நாலு திசைக்கும் ரயில் பிரியும் ஊர் என்பதால், இங்கே நிற்கிறவர்கள் எல்லாரும் வேறெங்கோ போகிறவர்கள்போலவே நிற்கிறார்கள். விழுப்புரத்துக்கென்றே வந்து இறங்கியவன் நான் ஒருவன்தான் என்பதை ஆட்டோக்காரர் உடனே கண்டுபிடித்து, அதற்குத் தகுந்த கட்டணம் சொன்னார்.

ஆய்வாளரின் பெயர் குணசேகர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். வாசல் பலகையில் ‘வம்சாவளி ஆய்வு, பட்டா மாறுதல், பிறப்பு இறப்புச் சான்று, திருமணத் தகவல்’ என்று இருந்தது. மனித வாழ்க்கையில் வேறு என்ன பாக்கி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே படியேறினேன்.

“வாங்க சார், வாங்க. உங்க ஃபைல்தான் சார், ஹை லெவல்ல போய்க்கினு இருக்கு” என்றார். நாற்பது வயதிருக்கும். இரண்டு காதுக்கும் இரண்டு கைப்பேசி. மேசைக்குப் பின்னாலிருந்து சுருட்டிய ஃப்ளெக்ஸ் ஒன்றை எடுத்து விரித்தார். உச்சியில் ஒருவர் குதிரைமேல் வாளோடு இருந்தார். அடியில் எங்கள் தாத்தா. நடுவில் வெள்ளை.

“மேல இருக்கறவர் யாருங்க?”

“உங்க மூதாதை சார். படைத்தளபதி.”

பக்கத்து நாற்காலியில் வேறொரு குடும்பத்தின் ஃப்ளெக்ஸ் கிடந்தது. அதே குதிரை, அதே வாள், அதே மீசை.

“அவங்களும் தளபதி வம்சம் சார். ஒரே படை” என்றார், என் பார்வையைத் தொடர்ந்து வந்து.

அந்தப் படையில் சிப்பாய் என்று ஒருவராவது இருந்தாரா, சோறு வடித்தவருக்குப் பிள்ளைகுட்டி கிடையாதா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம்.

“நடுவுல காலியா இருக்கே?”

“அதுதான் சார் ஆராய்ச்சி.”

“ஊர் பேர், தெரு பேர் எல்லாம் குடுத்திருக்கோமே. கூட்டேரிப்பட்டுலேர்ந்து நாலு கிலோமீட்டர்தான். போய்ப் பார்த்தீங்களா?”

குணசேகர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “சார், ஊருக்குப் போறதெல்லாம் லாஸ்ட் ஸ்டேஜ். ஆராய்ச்சி மேலேர்ந்துதான் கீழ எறங்கி வரணும். ஜல்தி பண்ணா பேஜாரா பூடும்.”

அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் ராகிக் களி இருக்கிறதா என்று கேட்டேன். பரிமாறுகிறவர் புருவத்தைச் சுருக்கி, “கேப்பைக் களியா? அத்த வூட்டுலயே யாரும் துன்றதில்ல” என்றுவிட்டுப் பரோட்டா வைத்தார். எங்கள் ஊரில் சாப்பிடுவதற்கு முன்னால் ‘சாப்புடறீங்களாங்’ என்று நாலு தடவை கேட்பார்கள். இங்கே கேட்பதற்கு முன் வைத்துவிடுகிறார்கள். இரண்டிலும் பில் ஒன்றுதான்.

*

இரண்டாம் நாள், தளபதி இறங்கி வருவதற்குள் நான் போய்ப் பார்த்துவிடலாம் என்று பேருந்து ஏறினேன்.

“கூட்டேரிப்பட்டு ஒண்ணு.”

“நிக்காது” என்றார் நடத்துநர்.

“ஏறும்போது நிக்கும்னாங்களே.”

“யாரு சொன்னா?”

“வாழைப்பழம் விக்கறவர்.”

“அப்ப அவுரு வண்டியில ஏற வேண்டியதுதானே?”

பேருந்து மேம்பாலத்தின் மேல் போனது. பாலத்துக்கு அடியில் கூட்டேரிப்பட்டு தெரிந்தது. டீக்கடை, பூக்கடை, மயிலம் போகிற கூட்டம், எல்லாமே தெளிவாகத் தெரிந்தன. திண்டிவனத்தில் இறங்கி, திரும்பி வரும் வண்டியில் ஏறினேன். அதுவும் பாலத்தின் மேலேயே போயிற்று. பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி, “இன்னாங்க, கீழ பாத்துக்கினே போறீங்க, எதனா வுட்டுட்டீங்களா?” என்றார். ஊரையே விட்டுவிட்டேன் என்றேன். எங்கள் பரம்பரையில் அது புதிதல்ல என்பதைச் சொல்லவில்லை. மூன்றாவது முயற்சியில் ஒரு டவுன் பஸ் என்னைக் கீழே இறக்கியது.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் தெரியும். டீக்கடையில், சின்னசாமி வகையறா யார் என்று கேட்டேன். கடையில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

“எதுக்கு கேக்கறீங்க?”

“அவர் எங்க தாத்தாவோட அப்பா.”

நாலு பேரும் என் செருப்பைப் பார்த்தார்கள், பிறகு தோள்பையைப் பார்த்தார்கள். “நெலம் சமாச்சாரமா?”

“இல்லைங்க. சும்மா, குடும்ப வரலாறு.”

இதைவிடச் சந்தேகத்துக்குரிய பதிலை என்னால் யோசித்துச் சொல்லியிருக்க முடியாது. நெடுஞ்சாலையிலிருந்து நாலு கிலோமீட்டரில் நிலம் இருக்கிற ஊருக்கு, அறுநூறு ரூபாய்ச் செருப்பு போட்டுக்கொண்டு ஒருவன் சும்மா வரலாறு கேட்க வருவானா? ஒருவர் அரைமனதாக வடக்குத் தெருவின் கடைசி வீட்டைக் காட்டினார்.

அந்த வீட்டு வாசலில் ஒரு அம்மா நிலக்கடலையை, இந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, காயவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சின்னசாமியின் பெயரைச் சொன்னேன்.

“அப்படி யாரும் கெடையாது.”

“அவருக்கு ரெண்டு மகன். சின்னவர் பேரு...”

“சின்னவரே கெடையாது. ஒரே புள்ள.”

“அப்ப சின்னசாமி இருந்தாருங்களா?”

அவர் ஒரு கை மல்லாட்டையை அள்ளி அப்படியே போட்டுவிட்டு, “வெயில்ல நிக்காதீங்க” என்றார். கோயம்புத்தூரில் இதற்கு ‘உள்ளே வாங்க’ என்று அர்த்தம். இங்கே ‘கிளம்புங்க’ என்று அர்த்தம். டீக்கடையில் என் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் நிற்காத நாலு பேருந்துகளைப் பார்த்துவிட்டு, விடுதிக்கு வந்து சேர்ந்தேன். அக்காவிடம், அப்படி யாருமே இல்லை என்கிறார்கள் என்றேன். “இல்லாத அந்த மனுசன் எப்படிடா மாட்டைத் திருடுவாரு?” என்றாள். அவள் குரலில் சின்னதாக ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. எனக்குத் தலை வலித்தது.

*

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குக் கைப்பேசி அடித்தது.

“நேத்து யாரும் இல்லன்னு சொன்னேனே, அந்த வூட்லேர்ந்து பேசறேன். எம் பேரு தெய்வானை. கெளம்பிட்டீங்களா?”

“இல்லைங்க.”

“கெளம்பாதீங்க. நெலம் வோணாம்னு டீக்கடையில சொன்னது நெசமா?”

“நெசம்தாங்க.”

“உங்க வயசு இன்னா?”

சொன்னேன். மறுமுனையில் ஏதோ கணக்குப் போடும் சத்தம். “எங்க வூட்டுக்காரருக்கு மூணு வயசு சின்னவரு. அப்ப எனக்குக் கொழுந்தன். தோ பாரு கொழுந்தனாரே, நாஷ்டா துன்னாம நேரா வூட்டுக்கு வா.”

பதினாறு மணி நேரத்துக்கு முன்னால் பிறக்கவே பிறக்காத சின்னவரின் பேரனுக்கு, அண்ணியும் கிடைத்தாள், ஒருமையும் கிடைத்தது.

வீட்டில் கேப்பைக் கூழும் கருவாடும் வைத்தார் அண்ணி. கணவர் இறந்து ஆறு வருடம். சின்னசாமிக்கு இரண்டு மகன்கள்; பெரியவர் வழி இவர்கள், சின்னவர் வழி நாங்கள். நிலப் பட்டா இன்னும் சின்னசாமி பெயரிலேயே இருக்கிறது. சின்னவர் வாரிசு வந்து கையெழுத்துப் போட்டால் ஒழியப் பட்டா மாறாது. பட்டா மாறாமல் மின் இணைப்பு வராது. போர்க் கிணறு போட்டு இரண்டு வருடமாகிறது. தண்ணீர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, கரண்ட் இல்லை. மல்லாட்டை இரண்டு போகம் கருகிவிட்டது. சின்னவர் கல்யாணம் ஆகாமலே செத்தார் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் இறப்புச் சான்று கொண்டுவா என்றார்களாம்.

“உங்கள எங்கேன்னு தேடறது? வெழுப்புரத்துல ஒரு ஆளுக்குக்கூட துட்டு குடுத்து வெச்சேன். ரெண்டு வருசமா, ஹை லெவல்ல போய்க்கினு இருக்குதுன்றான்.”

கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். “ஜெராக்ஸ் கடை மாடியா?”

“ஆமா. உனுக்கு எப்டி தெரியும்?”

அண்ணி உள்ளே போய்ச் சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸைக் கொண்டுவந்தார். குதிரை. வாள். மீசை. அடியில் அண்ணியின் கணவர். அண்ணி எங்களைத் தேடவும், நாங்கள் அவர்களைத் தேடவும் ஒரே ஆளிடம் பணம் கட்டியிருக்கிறோம். ஒரே அலமாரியில் இரண்டு கோப்பும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, தளபதி இறங்கி வருவதற்காகக் காத்திருந்திருக்கின்றன.

எனக்கு வந்த கோபத்தில் குணசேகரைக் கூப்பிட்டேன். “அப்படியா சார்! ரெண்டும் ஒரே பார்ட்டியா! பாத்தீங்களா, கரெக்டான ரூட்லதான் போயிருக்கேன்” என்றார். வைத்துவிட்டேன்.

பிறகு, வந்த காரியத்தைக் கேட்டேன். “எங்க தாத்தா ஏன் ஊரை விட்டுப் போனாரு?”

அண்ணி சிரித்தார். “அத்த வேற கேக்கறியா? அண்ணங்கிட்ட சண்ட போட்டுக்கினு, ஏர் மாடு ரெண்டையும் அவுத்து ஓட்டிக்கினு கண்டாச்சிபுரம் சந்தைக்குப் போனாராம். மாடும் வர்ல, மனுசனும் வர்ல. அந்த வருசம் ஏரோட்ட மாடு இல்லாம பெரியவரே நுகத்தடிய தோள்ல வெச்சாராம். எங்க மாமியா இருந்தவரைக்கும் ‘மாட்டுத் திருடன்’னுதான் சொல்லும். இன்னா கொழுந்தனாரே, மூஞ்சி சுண்டிப்போச்சி? நீயா திருடுன?”

சிரித்து வைத்தேன். அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது. முப்பத்தைந்து வருடம் கழித்து, நாத்தனார் ஜெயித்துவிட்டார்.

*

அன்று மத்தியானமே திண்டிவனத்தில் பத்திர எழுத்தர் ஒருவரிடம் போனோம். சார்பதிவகத்துக்கு எதிரே, தகரக் கூரைக்கு அடியில் அவரும் ஒரு கணினியும் ஒரு மேசை விசிறியும். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. விவரத்தைக் கேட்டுக்கொண்டு, “விடுதலைப் பத்திரம். உங்களுக்கு பாத்தியம் இல்லன்னு எழுதிக் குடுக்கறீங்க, அவ்ளோதானே?” என்று தட்ட ஆரம்பித்தார்.

அந்த வகைப் பத்திரத்தில் வம்சம் முழுவதையும் மேலிருந்து கீழாக எழுதித்தான் ஆகவேண்டுமாம். சின்னசாமி, அவர் மனைவி, இரண்டு மகன்கள், பேரன்கள், செத்தவர்கள், இருப்பவர்கள் எல்லாரும். பத்திர எழுத்தர் கேட்கக் கேட்க அண்ணி மனப்பாடமாகச் சொன்னார். குணசேகரின் வெள்ளை இடம் முழுக்கப் பத்து நிமிடத்தில் நிரம்பியது. எழுத்தர் அதற்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

திடீரென்று தட்டுவதை நிறுத்தினார். “சும்மா வுட்டுக் குடுக்கறேன்னு எழுதினா, நாளைக்கு உங்க புள்ளைங்க வந்து கேப்பாங்க. சின்னவரு ஏற்கெனவே தன் பங்குக்கு எதனா வாங்கிக்கினு போனாருன்னு ஒரு வரி இருந்தா கெட்டி. வாங்கினாரா?”

“ரெண்டு மாடு ஓட்டிக்கினு போனாரு” என்றார் அண்ணி.

“சொல்லிட்டு ஓட்டிக்கினு போனாரா, சொல்லாமலா?”

“சொல்லாமதான்.”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாருங்கம்மா. சொல்லாம ஓட்டினா அது திருட்டு. திருடினவனுக்கு மாடு கணக்குதான் தப்பு, நெலத்துல பங்கு போவாது. பாதி நெலம் இந்த சாருது. சொல்லி வாங்கிக்கினு போனாருன்னா அது பாகம். பங்கு முடிஞ்சிபோச்சி, நெலம் ஃபுல்லா உங்களுது. இன்னா எழுதட்டும்?”

விசிறி ஒருமுறை என் பக்கம் வந்து போயிற்று. திருடனின் பேரனாக இருந்தால் நெடுஞ்சாலை ஓரத்தில் பாதி நிலம்; யோக்கியரின் பேரனாக இருந்தால் ஒன்றும் இல்லை. நான் தர்மத்தைப் பற்றி யோசித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், அந்தப் பாதி நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்டி, வாசலில் இரண்டு தென்னை வைத்து, அதன் கீற்றைப் பின்னுகிற வரைக்கும் போய்விட்டேன். ஒரு நிமிடம், திருட்டு வம்சம் எனக்குச் சம்மதமாகத்தான் இருந்தது.

அண்ணியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இருந்த கேலி முகத்தில் இல்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

“நான் இன்னா பாத்தனா?” என்றார் மெதுவாக. “எங்க மாமியா சொன்னதுதான். அதுவும் பாக்கல.”

“சொல்லிட்டுத்தான் வாங்கினாருங்க” என்றேன் நான், எழுத்தரைப் பார்த்து. “எழுதுங்க.”

அவர் தட்டினார். ‘மேற்படி சின்னசாமியின் இளைய குமாரர், தமது பாகத்துக்கு ஈடாக ஒரு ஜோடி உழவு மாடுகளைத் தமது தமையனாரின் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில் பெற்றுக்கொண்டு தனியே சென்றுவிட்டபடியால்...’ மனப்பூர்வமான என்பதை நானோ அண்ணியோ சொல்லவில்லை. அது கணினியிலேயே இருந்தது.

*

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். தாத்தா பங்குக்குப் பதிலாகத்தான் மாட்டை வாங்கிக்கொண்டு வந்தார், அண்ணனும் சம்மதித்தார், திருட்டெல்லாம் இல்லை.

“என்னைச் சமாதானம் பண்றதுக்குச் சொல்ற” என்றாள்.

“இல்லக்கா.”

“நீ எழுதறவன்டா. உங்கிட்ட எது நெசம், எது தமாசுன்னு எனக்குத் தெரியாதா? சரி விடு. கையெழுத்து வேணும்னா போட்டுக்கோ. பாவம், அந்தம்மாவுக்குக் கரண்டு வரட்டும்.”

முழங்கால் வலி என்பதால் கோயம்புத்தூரிலேயே எனக்குப் பவர் எழுதிக் கொடுத்தாள். விடுதலைப் பத்திரத்தைப் படிக்கவில்லை. படிக்கச் சொன்னபோது, “அதும் நீ சொல்லி எழுதுனதுதான?” என்றாள்.

அடுத்த மாதம் மறுபடியும் திண்டிவனம். காலை பத்து மணிக்கு டோக்கன். பதினொன்றுக்கு சர்வர் போயிற்று. சர்வருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அண்ணி வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்தார், எழுத்தர் தினசரியை விரித்தார். மூன்று மணிக்கு சர்வர் வந்தது. என் கட்டைவிரல் ரேகை பதியவில்லை. “எழுதி எழுதித் தேஞ்சிருக்கும்” என்றேன். “தோசைமாவா இருக்கும், தொடைங்க” என்றார் அலுவலர். நாலரை மணிக்கு, எனக்கும் என் அக்காவுக்கும் எங்கள் வம்சாவளிகளுக்கும் மேற்படி சொத்தில் யாதொரு பாத்தியமும் சம்பந்தமும் கிடையாது என்று அரசாங்க முத்திரையோடு பதிவாயிற்று. எங்கள் குடும்ப வரலாறு என்று எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான். அதையும் கைகழுவித்தான் வாங்கினேன்.

ஊரின் பெயரை ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். பங்காளி முறையில் யாராவது இதைப் படித்துவிட்டு, சொல்லிவிட்டு ஓட்டினாரா சொல்லாமல் ஓட்டினாரா என்று கிளம்பிவிடக் கூடாது. அண்ணியின் போரில் இப்போது தண்ணீர் ஓடுகிறது.

*

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். குரல் இருபது வயது குறைந்திருந்தது.

“டேய், குணசேகர் சாரு ரிப்போர்ட் அனுப்பிச்சிருக்காருடா! நாப்பது பக்கம். ஸ்பைரல் பைண்டிங்கு.”

முப்பத்தாறு பக்கம் தளபதி. அவரைத் தாண்டி அவள் படிக்க ஆரம்பித்தாள். “கேளு. ‘கள ஆய்வின் முடிவில், தங்கள் பாட்டனார் தமது பாகத்துக்கு ஈடாக ஒரு ஜோடி உழவு மாடுகளைத் தமது தமையனாரின் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில் பெற்றுக்கொண்டார் என்பது உறுதியாகிறது. ஆதாரம், பதிவு செய்யப்பட்ட ஆவணம், திண்டிவனம்.’ ஆவண நம்பர்கூடப் போட்டிருக்காருடா!”

ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்து இறங்கி, சார்பதிவகத்தில் நகல் மனு போட்டு, நாங்கள் எழுதியதையே வாங்கி, எங்களுக்கே அனுப்பியிருக்கிறார். தளபதி கடைசியில் இறங்கி வந்துவிட்டார்.

“நம்ம தாத்தாவுக்கு மனப்பூர்வமானன்னு போட்டிருக்குடா” என்றாள் அக்கா. மறுபடியும் ஒருமுறை, வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் படிப்பது எனக்குக் கேட்டது. மூக்கை உறிஞ்சினாள். “நாத்தனா வீட்டுக்கு ஒரு காப்பி குடுத்து அனுப்பிச்சுட்டேன். அவ வீட்டுக்காரரு கவர்மெண்டுல இருந்தவரு, ஆவணம்னா நம்புவாரு.”

“சரிக்கா.”

“பாத்தியா, ஆராய்ச்சின்னா இது. நீ ரெண்டு தடவை போயிட்டு வந்த. ஒரு ஆதாரம் கொண்டாந்தியா?”

வாயைத் திறந்தேன். அறுபத்திரண்டு வயதில் அவள் தாத்தாவை முதல்முறையாகத் தாத்தா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இதுவரை ‘அந்த மனுசன்’தான்.

“இல்லக்கா” என்றேன். “எனக்கு அவர் அளவுக்கு வராது.”

“மீதிப் பணத்தை இன்னிக்கே அனுப்பிப்போடு. பாவம், எத்தன அலைஞ்சாரோ.”

அனுப்பினேன்.